அலுவலகத்தில் பசுமைப் பழக்கம் நிலைக்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஜூன் 5 அன்று உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று நட்டு, உறுதிமொழி எடுத்து, மக்கும் குப்பைக்குப் பச்சையும் மக்காததற்கு நீலமுமாகத் தொட்டிகளை வாங்கி வைத்த அலுவலகங்களில், ஆகஸ்டு பிறப்பதற்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதைச் சென்னையில் கட்டட நிர்வாகப் பணியில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். உடனே "ஊழியர்களுக்கு அக்கறை இல்லை" என்ற முடிவு எழுதப்படுகிறது, இன்னொரு சுற்றறிக்கை அனுப்பப்படுகிறது, நிலைமை மாறுவதில்லை. இதே கோளாறைப் பல அலுவலகங்களில் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: தொட்டி இருக்கும் இடம், ஸ்விட்ச் இருக்கும் சுவர், டம்ளர் கழுவும் குழாய், ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரி ஆகியவற்றைச் சோதித்து முடிக்கும்வரை ஊழியர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

கீழே உள்ளவற்றில் உங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகச் செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் செலவே இல்லாத காரணம் முதலிலும் பணம் பிடிக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. வரிசையை மாற்ற வேண்டாம். எதையும் மாற்றுவதற்கு முன்பு ஒரு முழு வாரத்துக்கான குப்பையின் எடை, மின்மீட்டர் அளவு, வாங்கிய பேப்பர் கப் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். இந்த அளவுகள் கையில் இல்லாமல் தொடங்கினால், பிறகு எது பலன் தந்தது என்பதை யாருக்கும் காட்ட முடியாது.

அறிகுறி 1: மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்தே கிடக்கின்றன

தொட்டியைப் பார்ப்பதற்கு முன்பு பையைப் பின்தொடருங்கள். மதிய உணவுக்குப் பிறகு ஒரு தளத்தில் குப்பை அள்ளப்படும்போது, தொட்டியிலிருந்து பின்வாசலில் லாரி ஏறும்வரை அந்தப் பைகளுடனேயே நடந்து செல்லுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. பாதிக் கோளாறு இங்கேயே வெளிப்பட்டுவிடும். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் இதுவே சொல்லும்.

*பைகள் வழியில் ஒன்றாகின்றன என்றால்*

பெரும்பாலும் டிராலியில் ஒரே ஒரு பை மாட்டும் வசதிதான் இருக்கும். தூய்மைப் பணியாளர் இரண்டு தொட்டிகளையும் அதே பையில் கொட்டுவார். அவருக்கு வேறு வழி தரப்படவில்லை. இதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்த ஊழியர் அதன்பிறகு பிரித்துப் போடுவதை நிறுத்திவிடுகிறார், அருகில் இருப்பவரிடமும் சொல்லிவிடுகிறார். அப்படி நின்றுபோன பழக்கத்தை எந்தச் சுவரொட்டியும் மீட்பதில்லை.

முதலில் டிராலியின் மறுபக்கத்தில் இன்னொரு கொக்கி வைத்து இரண்டாவது பையை மாட்டுங்கள். அது முடியாவிட்டால் நேரத்தைப் பிரியுங்கள்: மக்கும் குப்பை மதிய உணவு முடிந்த கையோடும், மக்காத குப்பை மாலையிலும் தனித்தனியாக இறங்கட்டும். பிறகு தூய்மைப் பணியாளர்களின் மேற்பார்வையாளரிடம், பிரித்து எடுப்பதற்கு ஒரு தளத்துக்கு எவ்வளவு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று கேளுங்கள். அந்த நேரம் அவர்களுடைய பணி அட்டவணையில் இல்லையென்றால், ஒப்பந்தத்தைத் திருத்தி அதைச் சேர்க்க வேண்டும். கூலி கொடுக்காத வேலையை நம் சுற்றுச்சூழல் அக்கறையின் பெயரால் அவர்கள் தலையில் ஏற்றுவது நியாயமும் அல்ல, நிலைக்கவும் செய்யாது.

தளத்திலிருந்து பிரித்தே இறங்கும் பைகள் லாரியில் ஒன்றாகக் கொட்டப்பட்டால் கோளாறு ஊழியர்களிடமும் இல்லை, தூய்மைப் பணியாளர்களிடமும் இல்லை. குப்பை எடுக்கும் ஒப்பந்ததாரரிடம், மக்கும் குப்பை எந்த இடத்துக்குப் போகிறது, மக்காதது யாரிடம் விற்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். எடைச் சீட்டும் கேளுங்கள். தென்சென்னையின் கலப்புக் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக் கிடங்கில்தான் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிடங்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியை 2022-இல் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் மேல்தள ஜன்னல் வழியாகச் சதுப்புநிலத்தைக் காட்டி, நம் பை எங்கே போய்ச் சேரக்கூடும் என்று சொன்னபோது கிடைத்த கவனம், எந்த விளக்கப்படத்துக்கும் கிடைத்ததில்லை.

*பைகள் பிரிந்தே வருகின்றன, ஆனால் உள்ளே கலந்திருக்கின்றன என்றால்*

ஒரு தளத்தின் ஒருநாள் குப்பையைத் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு, எந்தப் பொருள் தவறான பையில் கிடக்கிறது என்று பாருங்கள். "மக்கள் பிரிப்பதில்லை" என்ற பொதுப்புகார், நான் பார்த்த அலுவலகங்களில் அநேகமாக ஒரே பொருளில் வந்து முடிகிறது: மதியப் பார்சல். பாதிச் சோறு மிஞ்சிய பிளாஸ்டிக் டப்பா, ரப்பர் பேண்ட் போட்ட சாம்பார் கவர், எண்ணெய் ஊறிய காகிதம் ஒட்டிய வாழையிலை, எல்லாவற்றையும் வந்த கைப்பையிலேயே திணித்து முடிச்சுப் போட்டு, அருகில் உள்ள தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தாலும், வழியும் குழம்பை ஊற்றுவதற்கு அங்கே இடம் இல்லை.

ஆகவே முதல் மருந்து, உணவு அறையில் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கழுவுதொட்டியும், சல்லடை போட்ட ஒரு வாளியும் வைப்பதுதான். மிச்சத்தை வாளியில் தட்டி, டப்பாவை ஒருமுறை அலசி, நீலத் தொட்டியில் போட அரை நிமிடம் ஆகாது. அடுத்து, தொட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். மக்கும், மக்காத என்ற இரண்டு சொற்களும் ஒரே மாதிரி தொடங்கி, கடைசி இரண்டு எழுத்துகளில்தான் வேறுபடுகின்றன என்பதால், கையில் தட்டோடு வருபவர் தூரத்திலிருந்து படிக்கும்போது ஒன்றாகவே தெரிகின்றன. சொற்களுக்குப் பதிலாக, உங்கள் தார்ப்பாயில் உண்மையில் கிடந்த பொருள்களையே படமெடுத்து ஒட்டுங்கள்: அந்தச் சாம்பார் கவர், அந்த டப்பா, தேநீர்த்தூள் பை, பழத்தோல்.

மூன்றாவதாக, மேசைக்கு அடியில் இருக்கும் தனித்தொட்டிகளை எடுத்துவிடுங்கள். அங்கே ஒரே தொட்டி இருக்கும்வரை எல்லாம் அதிலேயே விழும். இதற்கு எதிர்ப்பு வரும். முன்னறிவிப்பு கொடுத்து, உயர் அதிகாரிகளின் அறையிலிருந்து தொடங்கினால் எதிர்ப்பு விரைவில் அடங்குகிறது. பச்சையும் நீலமும் எப்போதும் ஜோடியாகவே நிற்க வேண்டும். தனியாக நிற்கும் தொட்டி எந்த நிறமாக இருந்தாலும் அது கலப்புத் தொட்டிதான். கையால் தொட்டுத் திறக்க வேண்டிய மூடியை மாற்றிக் காலால் மிதித்துத் திறக்கும் தொட்டியாக்குவது இதற்குப் பிறகுதான், ஏனென்றால் அதற்குப் பணம் ஆகும்.

மாற்றம் செய்த முதல் வாரம் உணவு நேரத்தில் தொட்டிக்கு அருகில் ஒருவர் நிற்பது நல்லது. "அக்கா, இது எதில் போடணும்?" என்று கேட்க ஆள் இருந்தால் மக்கள் கேட்கிறார்கள். அங்கே நிற்பவர் கண்காணிப்பவராக இல்லாமல் பதில் சொல்பவராக இருக்க வேண்டும்.

*ஒரே ஒரு இடத்தில் மட்டும் கலக்கிறது என்றால்*

வரவேற்பறை, லிஃப்ட் முகப்பு, காவலர் அறை ஆகியவைதான் வழக்கமான இடங்கள். அங்கே வருபவர்கள் உங்கள் ஊழியர்கள் அல்லர். பயிற்சி பெற்றவர்களும் அல்லர். அந்தத் தொட்டியை முற்றிலும் எடுத்துவிடுவதே எளிய தீர்வு.

*எப்போது வல்லுநரை அழைப்பது*

நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவைத் தாண்டிக் குப்பை உருவாகும் வளாகத்தை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருமளவு குப்பை உருவாக்குவோர் என்ற வகையில் வைத்தன. அத்தகைய வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தம் எல்லைக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். உங்கள் எடை அந்த அளவை நெருங்கினால், விதிகளின் இன்றைய நிலையை மாநகராட்சியிடம் உறுதிசெய்துகொண்டு, உரக்கலன் அமைத்துப் பராமரிப்பையும் ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்தை அழையுங்கள். கலனை மட்டும் விற்றுவிட்டுப் போகிறவரிடம் வாங்க வேண்டாம். ஈரம் கூடி நாற்றம் வந்த இரண்டாவது வாரத்தில் அந்தக் கலன் மூடப்பட்டுவிடும்.

அறிகுறி 2: ஏசி 18 டிகிரியில் ஓடுகிறது, பாதிப் பேர் சால்வை போர்த்தியிருக்கிறார்கள்

அலுவலகத்தின் மின்செலவில் ஏசி பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால், இந்த ஒரு கோளாறைத் தீர்ப்பது மற்ற பலவற்றைத் தீர்ப்பதைவிட மதிப்புள்ளது. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகள் 2020 ஜனவரி முதல், ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும் இயல்பமைப்புடன் விற்கப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது. இருந்தும் 24-இல் வைத்த ரிமோட் மறுநாள் 18-க்கு வந்துவிடுகிறது என்றால், யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே வியர்க்கிறது என்று பொருள்.

தளத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். நாற்காலி முதுகில் சால்வை தொங்கும் இடங்களையும், காற்று வரும் வாயில் அட்டையைச் செல்லோடேப்பால் ஒட்டி அடைத்திருக்கும் இடங்களையும், மேசை விசிறி வைத்திருக்கும் இடங்களையும் தள வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டைதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகத் தெளிவான சான்று. அடைக்கப்பட்ட அந்தக் காற்று வேறெங்கோ போகிறது, அடுத்த வரிசையில் ஒருவர் ரிமோட்டைத் தேடுகிறார். பிறகு விலை குறைந்த டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி, காலை 11 மணிக்கும் மாலை 3 மணிக்கும் வெவ்வேறு இருக்கைகளில் வைத்து அளவெடுங்கள்.

*இருக்கைக்கு இருக்கை மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால்*

குளிர் போதாமல் இல்லை, பரவாமல் இருக்கிறது. காற்றுத் தகடுகளின் திசையை மாற்றிப் பாருங்கள். நேராகத் தலையில் இறங்கும் காற்றைக் கூரையை ஒட்டிப் போகும்படி திருப்பினாலே சால்வைகள் குறையும். அடுத்து, விசிறிகளை ஓட விடுங்கள். ஏசி போட்ட நாளிலேயே விசிறிகளைக் கழற்றிய அலுவலகங்கள் பல. மெதுவாகச் சுற்றும் விசிறியோடு 25 அல்லது 26 டிகிரி, சென்னைப் புழுக்கத்திலும் பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருக்கிறது. அதிகம் வியர்ப்பவரையும் அதிகம் குளிர்பவரையும் இடம் மாற்றி உட்கார வைப்பதற்கும் செலவு இல்லை. தயக்கம் மட்டும்தான் தடை.

வெப்பம் உணரும் கருவி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அதற்குக் கீழே பிரிண்டரோ காபி இயந்திரமோ நின்றால், தளம் முழுவதும் சூடாக இருப்பதாக அது நினைத்துக்கொண்டு எல்லோரையும் உறைய வைக்கும். இயந்திரத்தை நகர்த்துவது, கருவியை நகர்த்துவதைவிட மலிவு.

*எல்லா இருக்கையும் சூடாகவே இருக்கிறது என்றால்*

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவவில்லையென்றால் கழுவுங்கள். மேற்குப் பக்கக் கண்ணாடியில் பிற்பகல் வெயில் விழுகிறதா என்று பார்த்துத் திரை போடுங்கள். கதவு திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள். வெளிப்புற அலகின் முன்னால் பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தால் அப்புறப்படுத்துங்கள். இவையனைத்தும் முடிந்த பிறகே வாயுக் கசிவை நினைக்க வேண்டும். அப்போது மெக்கானிக்கை அழையுங்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பச் சம்மதிக்காதீர்கள். பணம் வீணாவதோடு, அந்த வாயு வெளியேறிப் புவி வெப்பத்தைக் கூட்டுகிறது.

*அளவு சரியாக இருந்தும் ரிமோட் சண்டை நடக்கிறது என்றால்*

காலையில் வெயிலில் வந்தவர் உடனே குளிர வேண்டும் என்று 18-இல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் 18-இல் வைப்பதால் அறை விரைவாகக் குளிர்வதில்லை, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும் நேரம் மட்டும் கூடுகிறது. இதை ரிமோட்டின் பின்புறம் ஒரு வரியில் எழுதி ஒட்டுவது பயன் தருகிறது. ரிமோட்டைப் பூட்டி வைப்பதைவிட, ஒரு தளத்துக்கு ஒருவர் என்று பொறுப்பு கொடுத்து, வாரந்தோறும் மாற்றுவது சண்டையைக் குறைக்கிறது.

மையக் குளிரூட்டல் உள்ள கட்டடத்தில் குழாய்வழிக் காற்றைச் சமன்செய்வது, கட்டுப்பாட்டு நேரங்களை மாற்றுவது ஆகியவை உங்கள் வேலையும் அல்ல, ஊழியர்கள் வேலையும் அல்ல. வெப்பமானியில் எடுத்த அளவுகளோடு கட்டட உரிமையாளரின் பொறியாளரை அழையுங்கள். அளவுகள் இல்லாமல் அழைத்தால் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்ற பதிலோடு போய்விடுவார்.

அறிகுறி 3: எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தாயிற்று, பேப்பர் கப் திரும்பி வந்துவிட்டது

முதலில் ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் உட்பக்கத்தை நகத்தால் உரித்துப் பாருங்கள். மெல்லிய படலம் தனியாக வந்தால் அது பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. பிளாஸ்டிக் கப்பை நிறுத்திவிட்டுக் காகிதத்துக்கு மாறியதால் கடமை முடிந்ததென்று நல்லெண்ணத்துடன் நம்பும் நிர்வாகிகளுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டுவது அவசியம்.

*யார் வாங்குகிறார்கள்?*

கப் தானாக வருவதில்லை. யாரோ ஒருவருடைய மாதாந்திரக் கொள்முதல் பட்டியலில் அது பழக்கத்தால் தொடர்கிறது. பல இடங்களில் டம்ளர் கொடுத்தது மனிதவளப் பிரிவு, கப் வாங்குவது நிர்வாகப் பிரிவு, தேநீர் தருவது வெளி ஒப்பந்ததாரர். மூவரும் ஒருவரோடொருவர் பேசியிருக்க மாட்டார்கள். பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்குவதே முதல் படி. அலமாரியில் கப் அடுக்கு இருக்கும்வரை கை அதற்கே போகும்.

*டம்ளரை எங்கே கழுவுகிறார்கள்?*

மாலை நான்கு மணிக்குத் தேநீர் அறையில் நின்று பாருங்கள். ஒரு தளத்துக்கு ஒரே குழாய். அதன் கீழே யாரோ கழுவாமல் விட்டுப்போன சாப்பாட்டு டப்பா. ஊறிப்போன பச்சை நார். நாரின் வாடை பிடிக்காமல் விரலாலேயே டம்ளரைத் தேய்ப்பவர். அவருக்குப் பின்னால் பத்துப் பேர். பத்து நிமிட இடைவேளையில் ஏழு நிமிடம் வரிசையில் நிற்க வேண்டுமென்றால், அடுத்த நாள் எவரும் டம்ளரை எடுத்துவர மாட்டார். இங்கே நல்ல மனத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

ஆளுக்கொரு டம்ளர் என்ற ஏற்பாட்டைக் கைவிட்டு, பொதுவான டம்ளர்களைத் தட்டில் கவிழ்த்து வைத்து, பயன்படுத்தியவற்றைக் கூடையில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். தேநீர் அறைப் பணியாளர் அவற்றை மொத்தமாகச் சோப்பிட்டு, கொதிநீரில் அலசிக் கவிழ்க்கட்டும். நம் ஊரின் பழைய உணவகங்களும் தேநீர்க் கடைகளும் இப்படித்தான் நடக்கின்றன. புதிதாக யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொதிநீர் அலசல் எல்லோர் கண்ணுக்கும் படும் இடத்தில் நடக்கட்டும், ஏனென்றால் கொரோனாக் காலத்துக்குப் பிறகு பொது டம்ளரைத் தயங்கித் தொடுபவர்களின் அச்சம் நியாயமானது. அதற்குப் பதில் கண்முன் தெரிய வேண்டும். இந்தப் பணிக்கான நேரத்துக்கும் ஊதியம் சேர்க்கப்பட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

*டம்ளர் இயந்திரத்துக்குப் பொருந்துகிறதா?*

காபி இயந்திரத்தின் குழாய்க்குக் கீழே உயரமான டம்ளர் நுழையாது; சில இயந்திரங்கள் ஊற்றும் அளவு பேப்பர் கப்புக்கே அமைக்கப்பட்டிருக்கும். குட்டையான டம்ளர் வாங்குவது மலிவு. ஊற்றும் அளவை மாற்ற, இயந்திரம் பராமரிக்கும் நிறுவனத்தின் ஆளை ஒருமுறை அழைத்தால் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரம் கடைசி வாய்ப்பு. மேலே சொன்னவை அனைத்தும் செய்தும் வரிசை குறையவில்லையென்றால் மட்டும் வாங்குங்கள்.

அறிகுறி 4: எல்லோரும் போன பிறகும் விளக்கும் கருவிகளும் ஓடுகின்றன

ஒரு வேலைநாளில் இரவு 10 மணிக்கும் மறுநாள் காலை 6 மணிக்கும் மின்மீட்டரைப் படியுங்கள். அதே நேர அளவை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவிலும் எடுங்கள். இரண்டும் நெருங்கி இருந்தால், எப்போதும் ஓடுவதற்கென்றே இருக்கும் கருவிகள்தான் மின்சாரத்தை எடுக்கின்றன. வேலைநாள் இரவு மட்டும் கூடுதலாக இருந்தால், யாரோ அணைக்காமல் போகிறார்கள்.

*அணைக்காமல் போகிறார்கள் என்றால்*

ஸ்விட்ச் பலகைக்கு முன் நின்று, எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கடைசியாகப் போகிறவராலும் முடியாது; தவறாக எதையாவது அணைத்துவிடுவோம் என்ற பயத்தில் அவர் எதையும் தொடாமல் போகிறார். ஒருபோதும் அணைக்கக் கூடாதவற்றுக்குச் சிவப்புப் பொட்டும், கடைசியாகப் போகிறவர் அணைக்க வேண்டியவற்றுக்குப் பச்சைப் பொட்டும் ஒட்டுங்கள். சர்வர் அறையும் அதன் ஏசியும், தீயணைப்பு எச்சரிக்கைக் கருவிகளும், அவசர வழி விளக்குகளும் சிவப்பில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாகப் போகிறவர் தான்தான் கடைசி என்பதை அறியாமலும் போகலாம். ஆகவே இரவுக் காவலரின் சுற்றுப்பட்டியலில் "பச்சைப் பொட்டு ஸ்விட்சுகள்" என்று ஒரு வரி சேருங்கள். இரவில் தூய்மைப் பணி நடக்கும் தளங்களில், பணியாளர் இருக்கும் பகுதியில் மட்டும் வெளிச்சம் இருந்தால் போதும். ஆனால் தனியாக வேலை செய்யும் பெண்ணை இருட்டுத் தாழ்வாரத்தில் நடக்க வைத்து மின்சாரம் சேமிக்க வேண்டிய தேவை எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

*எப்போதும் ஓடும் கருவிகள்தான் என்றால்*

சூடும் குளிர்ச்சியும் தரும் குடிநீர்க் கருவிகள், காபி இயந்திரம், குளிர்பான அலமாரி, உறங்காத கணினித் திரைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நேரக்கட்டுப்பாட்டுப் பிளக் ஒன்று போட்டால் முதல் இரண்டும் இரவில் தாமாக நின்றுவிடும். திரைகளும் கணினிகளும் உறங்கும் நேரத்தைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு ஒரே இடத்திலிருந்து அமைக்க முடியும். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

ஒரே ஸ்விட்சில் பாதித்தளம் எரிகிறதென்றால் வயரிங்கைப் பிரிக்க வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் வர வேண்டும். கழிப்பறை, கூட்ட அறை, மாடிப்படி ஆகியவற்றில் ஆள் நடமாட்டம் உணரும் கருவி நல்ல பலன் தருகிறது. மேலே சொன்னவற்றைச் செய்தும் இரவு அளவு இறங்கவில்லையென்றால், எரிசக்தித் திறன் பணியகம் சான்றளித்த எரிசக்தித் தணிக்கையாளரை அழையுங்கள்.

அறிகுறி 5: கேன்டீனில் உணவு வீணாகிறது

"சாப்பாட்டை வீணாக்காதீர்" என்ற பலகையை மாட்டுவதற்கு முன்பு, தட்டில் மிஞ்சியதையும் பாத்திரத்தில் மிஞ்சியதையும் தனித்தனி வாளியில் போட்டு ஒரு வாரம் எடை போடுங்கள்.

பாத்திரத்தில் மிஞ்சியது அதிகமென்றால் சாப்பிடுபவர்கள் மீது பிழையே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களும் பண்டிகைக்கு முந்தைய நாள்களும் சமையல்காரருக்குத் தெரிவிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். காலை 9 மணிக்குள் வருகைக் கணக்கு சமையலறைக்குப் போக வேண்டும். பிறகு ஒப்பந்தத்தைப் படியுங்கள். குறைந்தபட்சம் இத்தனை பேருக்குப் பணம் என்று நிலையாக எழுதியிருந்தால், குறைவாகச் சமைக்க அவருக்குக் காரணம் இல்லை. அந்த வரியைப் புதுப்பிக்கும்போது மாற்றுங்கள்.

தட்டில் மிஞ்சியது அதிகமென்றால் முதலில் கரண்டியைப் பாருங்கள். பெரிய கரண்டியால் பரிமாறினால் மிஞ்சும். சிறிய கரண்டி வைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து வாங்கலாம் என்று தெளிவாக அறிவியுங்கள். எந்தக் கிழமையில் எடை கூடுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கூட்டோ பொரியலோ அகப்படும். சமையல்காரரோடு உட்கார்ந்து பேசி அதை மாற்றுங்கள். பசியோடு வந்தவருக்கு அறிவுரை சொல்வதைவிட இது மரியாதையானது.

அறிகுறி 6: காகிதச் செலவு குறையவில்லை

பிரிண்டரின் இயல்பமைப்பு ஒரு பக்க அச்சா, இருபக்க அச்சா என்று பாருங்கள். இருபக்கமாக மாற்றினால் பெரும்பகுதி முடிந்தது. அனுப்பியும் எடுக்காமல் கிடக்கும் தாள்கள் நிறைய இருந்தால், அடையாள அட்டையைக் காட்டிய பிறகே அச்சாகும் வசதியைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேளுங்கள். ஒரு பிரிவில் மட்டும் குறையவில்லையென்றால் அங்கே கையெழுத்துத் தேவைப்படும் படிவம் ஒன்று இருக்கிறது; அந்தப் படிவத்தை மாற்றும் அதிகாரம் உள்ளவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அறிகுறி 7: இழுப்பறைகளில் பழைய பேட்டரி, மவுஸ், சார்ஜர் சேர்ந்துகிடக்கின்றன

இவற்றைக் குப்பையில் போடக் கூடாது என்று ஊழியர்களுக்குத் தெரிந்திருப்பதன் அடையாளமே இது. எங்கே போடுவது என்று மட்டும் தெரியவில்லை. தளத்துக்கு ஒரு பெட்டி வையுங்கள்; வீட்டிலிருந்து கொண்டுவரவும் அனுமதியுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியைப் பெட்டியில் போட விடாமல் தனியாக, தீப்பற்றாத கலனில் வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டி நிறைந்ததும் காயலான் கடைக்குப் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அங்கிருந்து அவை போகும் இடங்களில் வயரை எரித்துத் தாமிரம் எடுக்கிறார்கள். அந்தப் புகையைக் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மின்னணுக் கருவிகளைப் பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள், பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரில் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும். கணினிகளின் தகவல்களை அழித்ததற்கான சான்றையும் அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 8: எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது, இரண்டு மாதத்தில் ஆர்வம் வடிந்துவிட்டது

மேலே உள்ள சோதனைகளை முடித்தவர்கள் மட்டும் இங்கே வாருங்கள்.

*விளைவு யாருக்கும் தெரிவிக்கப்படவில்லை என்றால்*

தொடக்கத்தில் எடுத்த அளவுகளுக்கு அருகில் இந்த மாத அளவை எழுதி, லிஃப்ட் அருகே ஒட்டுங்கள். தளவாரியாக எழுதுங்கள், ஆள்வாரியாக ஒருபோதும் வேண்டாம். எழுதும் தொனியும் முக்கியம்: "யாரும் பிரித்துப் போடுவதில்லை" என்ற அறிவிப்பு, பிரிக்காமல் இருப்பதே இங்கே வழக்கம் என்று புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது. "மூன்றாம் தளத்தில் பெரும்பாலோர் டம்ளருக்கு மாறிவிட்டார்கள்" என்பது உண்மையாக இருக்கும்போது அதையே எழுதுங்கள். உண்மையாக இல்லாதபோது எழுதாதீர்கள். உடன் வேலை செய்பவர்களுக்கு அது தெரியும்.

*மேலிடம் பின்பற்றவில்லை என்றால்*

இயக்குநர்கள் கூட்டத்தில் ஒருமுறை குடித்து எறியும் தண்ணீர்ப் பாட்டில்கள் வரிசையாக நின்றால், தேநீர் கொண்டுபோகும் பணியாளர் வழியாகவே அந்தச் செய்தி தளங்களுக்கு வந்துவிடும். இதைச் சொல்ல நிர்வாகப் பொறுப்பாளருக்குத் தயக்கம் இருப்பது இயல்பு. கூட்ட அறைக்குக் கண்ணாடிக் குடுவையும் டம்ளரும் நீங்களே வைத்துவிடுங்கள். அநேகமாக எவரும் பாட்டில் எங்கே என்று கேட்பதில்லை.

*ஒருவரே சுமக்கிறார் என்றால்*

ஆர்வமுள்ள ஒருவர் தன் வேலை நேரத்துக்கு வெளியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அவர் வேறு நிறுவனத்துக்குப் போனதும் எல்லாம் நின்றுவிடும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது இந்தப் பணிக்கென்று அவருடைய பணி விவரத்தில் எழுதப்பட வேண்டும். இன்னொருவரும் கூட இருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களில் ஒருவர் அந்தக் குழுவில் கட்டாயம் இடம்பெறட்டும். எந்தத் தொட்டியில் என்ன விழுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு இணையாக நாற்காலியில் உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு அவர் பேசும் கூட்டங்களில்தான் உருப்படியான தீர்மானங்கள் பிறக்கின்றன.

*பரிசு நின்றதும் பழக்கமும் நின்றது என்றால்*

பரிசுக்காகச் செய்தவர்கள் பரிசு இல்லாதபோது நிறுத்துவது எதிர்பார்க்கத் தக்கதே. தனிப்பரிசை விட்டுவிட்டு, மிச்சமான பணத்தின் ஒரு பகுதி எங்கே போகிறது என்று முடிவுசெய்யும் உரிமையைத் தளங்களுக்குக் கொடுங்கள்: தேநீர் அறைக்கு இரண்டாவது குழாய், சைக்கிளில் வருபவர்களுக்குக் குளியலறை, தூய்மைப் பணியாளர்களுக்கு ஓய்வறை.

இந்த அறிகுறிக்கு வெளி ஆலோசகரை அழைக்கும் எண்ணம் வந்தால், அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மாலை நான்கு மணிக்குத் தேநீர் அறையிலும், குப்பை இறங்கும் நேரத்தில் பின்வாசலிலும் வந்து நிற்பாரா என்பதுதான். கருத்தரங்க அறையில் மட்டும் பேசிவிட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மேலே சொன்ன இரண்டாவது குழாயைப் போட்டுவிடலாம்.